மூக்கை நம்பலாமா?

பெட்ரோல் வாசனை பிடிக்கும்னு சொல்றவங்க நம்ம வகுப்பிலேயே நிறைய பேர். எனக்கும் பிடிக்கும். என் அக்கா பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் யோசித்தேன். "இப்பல்லாம் வாசனையே தெரியலடி" என்கிறாள். வாசனை தெரியலைன்னா ஆவி இல்லைன்னு அர்த்தமா?

பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். அமெரிக்காவில் வேலை செய்யும் இடத்துக் காற்றில், எட்டு மணி நேரச் சராசரியாக, பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த அளவு நம் மூக்குக்குத் தெரியாது.

கரிக்குத் தெரியும்! சின்னக் கண்ணாடிக் குழாயில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை அடைத்து, சட்டைக் காலரில் மாட்டி, குட்டி பம்பால் காற்றை இழுக்கிறார்கள். ஆவி கரியில் ஒட்டிக்கொள்ளும். ஆனா கரி லேசில் விடாது. கார்பன் டைசல்பைடு ஊற்றித்தான் பிரிக்கணும், அதுவும் விஷம்.

அதனால்தான் விஞ்ஞானிகள் கார்பன் நானோகுழாயைச் சோதித்தார்கள். 1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரையால் புகழ் பெற்றது இது. ஒரே ஒரு அணு கனமுள்ள கரித்தாளைப் பாய் மாதிரி சுருட்டினால் எப்படி, அப்படி. முடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு. ஆவி அதன் மேல் ஒட்டும், சூடாக்கினால் விட்டுவிடும். அப்படியே கருவிக்குள் அனுப்பி அளக்கலாம். (குழாய்த்தூளை நாம மூச்சில் இழுக்கக் கூடாது, நுரையீரலுக்கு ஆகாது.)

ஆனால் நானோகுழாய் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. சிரட்டைக் கரி போதும். பங்க்கில் நிக்கிறவங்க காலரில் வருஷத்துக்கு ஒரு நாளாவது மாட்டி அளக்கணும். முடிவை அவங்க கையில் கொடுக்கணும்.

அக்காகிட்ட சொன்னேன். "அளந்துட்டு என்னடி பண்ணப் போறாங்க?" என்றாள். அளக்காம இருந்து மட்டும் என்ன பண்ணினாங்க?

— 9-ஆம் வகுப்பு மாணவி