பெரட்டுக்கு வராத பையன்

போன வாரம் கைப்பேசியை மாற்றக் கடைக்குப் போனேன். பழையதில் இடம் நிறைந்துவிட்டது, வேண்டாததை அழித்துக் கொடுத்தால் மற்றதைப் புதியதற்கு மாற்றித் தருகிறேன் என்றார் கடைக்காரத் தம்பி. சரியென்று புலனத்தைத் திறந்து அழிக்க உட்கார்ந்தேன். 'ஆண்டு 4 - 2021' என்ற குழு கண்ணில் பட்டது. உள்ளே குரல் பதிவுகள் மட்டும் இருநூறுக்கு மேல். ஒன்றைத் தொட்டேன். சேவல் கூவியது, பின்னால் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள், நடுவில் ஒரு பிள்ளை மூச்சு வாங்க, "டீச்சர், ஆட்டுக்குட்டி இப்ப சாலைத் தடுப்புகிட்ட வந்துருச்சு" என்றது.

அப்புறம் எங்கே அழிப்பது?

2021-இல் பள்ளித் தவணை ஜனவரி 20-ஆம் தேதி தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் வீட்டில், நாங்கள் திரைக்கு முன்னால். இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்று பெயர். இரண்டு நாளில் பேராக்கிலும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மறுபடி வந்துவிட்டது. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மாநில எல்லை தாண்டக்கூடாது. என் வகுப்பில் 23 பேர். பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் பக்கத்துத் தாமான்களில் இருந்து வருகிறவர்கள்.

காலை ஒன்பது மணிக்கு கூகுள் மீட். பதினொரு பேர் வருவார்கள், நல்ல நாளில் பதின்மூன்று. நான் படவில்லைகளை இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து செய்வேன். பின்னங்கள் பறக்கும், பெருக்கல் வாய்பாடு கைதட்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மற்ற ஆசிரியர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.

ஒரு பையன் மட்டும் ஒரு நாளும் வரவில்லை. அப்பாவின் எண்ணுக்குச் செய்தி அனுப்புவேன். பகல் முழுக்க இரண்டு சாம்பல் நிறக் குறிகள்தான் தெரியும், நீலமாகாது. இரவில் எப்போதாவது 'சரிங்க டீச்சர்' என்று ஒரு வரி வரும். மறுநாள் மறுபடி ஆளைக் காணோம். மூன்று வாரம் பார்த்துவிட்டு, வருகைப் பதிவில் காரணம் கேட்கும் இடத்தில், 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். எழுதியது நான்தான், யாரும் எழுதச் சொல்லவில்லை.

இணையம் இல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள்களை உறையில் போட்டுப் பள்ளிக் காவலர் சாவடியில் வைப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் தம் கடையிலேயே காசு வாங்காமல் நகல் எடுத்துக் கொடுத்தார். அவனுடைய உறை இரண்டு திங்கட்கிழமை அங்கேயே கிடந்தது. தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நானே எடுத்துப் போனேன். பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். எட்டு வருடம் அந்தப் பள்ளியில் இருந்தும் அந்தப் பாதையில் போனது அதுதான் முதல் தடவை.

வாசலில் பாட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகக்கவசத்தைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தார். உள்ளே போகவில்லை, வாசலிலேயே பேசினோம். வீட்டில் ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு காலை ஐந்தரைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் போய்விடும், இரவு எட்டுக்குத்தான் திரும்பும். அம்மாவுக்குப் பினாங்கில் தொழிற்சாலை வேலை. எல்லை மூடியதால் வர முடியவில்லை. சாவடிக்கு வந்து உறை எடுக்க வீட்டில் ஆளில்லை.

பையன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். "ராத்திரி அப்பா வந்ததும் தொட்டுப் பாப்பேன் டீச்சர். எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்" என்றான்.

காலை ஒன்பது மணி இணைப்பை இரவு எட்டு மணிக்குத் தொட்டால் என்ன இருக்கும்?

கிளம்பும்போது பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் காலத்துல பெரட்டுக்கு ஆள் வரலைன்னா கங்காணி லயத்துக்கே வந்து எட்டிப் பாப்பாரு. நீங்களும் வந்துட்டீங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. கங்காணி அன்றைக்குக் காலையிலேயே வந்திருப்பார். நான் மூன்று வாரம் கழித்து வந்தவள், அதற்குள் ஒரு குடும்பத்தைப் பற்றித் தீர்ப்பும் எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் அந்தப் பதிவைத் திருத்தினேன்.

மறுநாள் இரவு எட்டு மணிக்குக் குழுவில் ஒரு நிமிடக் குரல் பதிவு போட்டேன். பள்ளியைத் தேடிக் கிளம்பிய ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. பெயர்ப் பட்டியல் வரிசைப்படி ஆளுக்கு ஒரு நிமிடம் கதையை வளர்க்க வேண்டும். விதி இரண்டுதான்: யாரையும் சாகடிக்கக்கூடாது, எல்லாம் கனவு என்று முடிக்கக்கூடாது. குரல் பதிவுக்குப் பெரிதாக டேட்டா தேவையில்லை. யார் எப்போது கைப்பேசியைத் தொட்டாலும் அது அங்கேயே இருக்கும். இதை முதல் நாளே யோசித்திருக்கலாம். படவில்லை மயக்கம்.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டுக்குட்டி முகக்கவசம் இல்லாமல் போலீசிடம் மாட்டியது. தாடி இருப்பதால் கவசம் நிற்கவில்லை என்று வாதாடியது. மீட் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், போலீஸ்காரராக மலாயில் அதட்டிய அதட்டலில் குழுவே சிரித்தது. அவள் முறை வந்தபோது இரவு ஒன்பது பத்து. அடுத்தது அவன் முறை.

அவனுடைய ஆட்டுக்குட்டி லோரியில் ஏறியது. குலைகளுக்கு நடுவில் படுக்க முடியாது, முள் குத்தும், அதனால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்தது. ஆலையில் லோரியோடு சேர்த்து எடை போட்டபோது ஆட்டின் எடையும் சேர்ந்துகொள்ள, கணக்கு உதைத்தது. ஒரு நிமிடம் என்றது மூன்று நிமிடமாகிவிட்டது. நடுவில் அப்பா, "டேய், சுமையோட எடை வேற, வெறும் லோரி எடை வேற, அதைச் சொல்லு" என்று திருத்துவதும் பதிவாகியிருந்தது. தாமான் பிள்ளைகள் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்கள். தினமும் லோரியைப் பார்க்கிறார்கள், அது எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு நாள் அவன் கதையில் 'பெரட்டு' வந்தது. அப்படியென்றால் என்ன என்று ஏழு பேர் கேட்டார்கள். பதிலுக்குப் பாட்டியே பேசி அனுப்பினார், நாலு நிமிடம். விடியும் முன்பே களத்தில் வரிசையாக நிற்பது, பெயர் கூப்பிடுவது, இன்றைக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பது, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வருவது. அதற்குப் பிறகு மற்ற வீட்டுப் பாட்டிகளும் தாத்தாக்களும் சும்மா இருப்பார்களா? ஒட்டுப்பால், மங்கு, காண்டா என்று சொற்கள் வர வர, பிள்ளைகள் எழுதிப் படம் வரைந்தார்கள். சிற்றுண்டிச்சாலை அக்கா பள்ளி மூடியதால் வருமானம் இழந்து, மோட்டாரில் தோட்டம் தோட்டமாக நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்தார். பயிற்சித்தாள்களைக் கொண்டுபோவதும் வரைந்த தாள்களை வாங்கி வருவதும் அவர் கூடையில்தான். சில தாள்களில் சம்பல் கறை இன்னும் இருக்கிறது. அந்தத் தாள்களைத் தைத்துச் செய்த புத்தகம் பள்ளி நூலகத்தில் உள்ளது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மார்ச் 8-ஆம் தேதி பள்ளி திறந்தபோது பாதி வகுப்புக்கு ஏழாம் வாய்பாடு மறந்திருந்தது. இரண்டு பேர் கடைசிவரை குழுவில் பேசவே இல்லை. ஒரு பெண்பிள்ளையின் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது; எண் மாறிவிட்டது. அவள் வீட்டை நான் போய்ப் பார்த்தபோது பூட்டுதான் தொங்கியது. அவள் முறை வந்தபோது கதை ஒரு நாள் காத்திருந்தது, பிறகு அடுத்த பெயருக்குப் போனது.

அவனுடைய கடைசிப் பதிவு மார்ச் 7, இரவு 8.40. ஆட்டுக்குட்டி பள்ளி வாசலில் நிற்கிறது, காவலர் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிறார். "சரியா இருக்கு, உள்ள போ" என்கிறார். அப்புறம் கதையை விட்டுவிட்டு அவன் சொந்தக் குரலில், "டீச்சர், நாளைக்குப் பெரட்டுக்கு வந்துருவேன்."

"எதை அழிக்கணும் அக்கா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. படவில்லைகள் இருந்த கோப்பைக் காட்டினேன். நிறைய இடம் காலியானது.

அந்தப் பாட்டி போன வருடம் தவறிவிட்டார். அவருடைய நாலு நிமிடப் பதிவை மட்டும் எடுத்து அவன் அப்பாவின் எண்ணுக்கு அனுப்பினேன். எண் அதேதான். பகல் முழுக்க இரண்டு சாம்பல் குறிகள். இரவு எட்டு பத்துக்கு நீலமானது.