சிவப்புக் கலிப்பரும் மொட்டை ரயரும்

போன மாரியில் எங்கட நண்பன் ஒருவன் கொடிகாமத்துக்கும் பளைக்கும் இடையில், ஏ9 வீதியில், குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிறேக் அடித்தான். அவனுடைய சின்னக் காரின் முன் சில்லுகளுக்குள் நாலு பிஸ்டன் வைத்த சிவப்புக் கலிப்பர், துளை போட்ட பெரிய டிஸ்க். போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. "பெடல் காலுக்குக் கீழ துடிச்சுது மச்சான், ஆனா கார் நிக்கேல்லை" என்று பிறகு சொன்னான். மாடு தப்பியது. கார் வழுக்கிப்போய் மதகுக் கட்டில் முட்டி நின்றது. அவனுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் நாங்கள் குனிந்து ரயரைப் பார்த்தோம். எட்டு வருசத்து ரயர். வரிகள் தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தது.

அவனைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. "காரில காசு போடுறதெண்டா முதல்ல பிறேக்குக்குப் போடு, அதுதான் பாதுகாப்பு" என்று அவனுக்குச் சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம். வீடியோக்களில் பார்த்ததை அப்படியே ஒப்புவித்தோம். விற்றவரும் அதையேதான் சொன்னார். ஒருவராவது ரயரைப் பார்க்கவில்லை. ஆகவே இது எங்களுக்கு எதிராகவும் நாங்களே எழுதுகிற கட்டுரை.

சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரிய பிறேக் காரைக் கிட்டத்தில் நிறுத்தாது. காரை நிறுத்துவது ரயர். றோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நாலு ரயர்களிலும் உள்ளங்கை அளவான நாலு துண்டுகள் மட்டும்தான். பிறேக் சில்லைப் பிடிக்கிறது. அந்தப் பிடியை றோட்டில் இறக்குவது ரயரின் வேலை. ரயரால் இறக்க முடிந்ததைவிடக் கூடுதலாகப் பிறேக் பிடித்தால் சில்லு இறுகிச் சறுக்கும். ஏபிஎஸ் உள்ள காரில் அது பிறேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். நண்பனின் காலுக்குக் கீழே துடித்தது அதுதான். அந்தத் துடிப்புக்கு ஒரே ஒரு கருத்துத்தான்: பிறேக் போதும், ரயர் போதாது. அவன் பிறேக்கைப் பெரிதாக்கினது போதுமாயிருந்த ஒன்றை மேலும் போதுமாக்கினது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போகிற கார், பிறேக் பிடித்த கணத்தில் இருந்து நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? ரயரின் உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 27 மீற்றர். மழை வீதியில் தேய்ந்த ரயரால் அது 0.4 ஆக விழுந்தால் 48 மீற்றர். வித்தியாசம் 20 மீற்றருக்கு மேல். நாலைந்து கார்களை வரிசையாக விட்டால் வருகிற நீளம். இந்தக் கணக்கைச் செய்கிற சூத்திரம் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்ததுதான். அதற்குள் வேகம் இருக்கிறது, உராய்வு இருக்கிறது, புவியீர்ப்பு இருக்கிறது. டிஸ்க்கின் விட்டம் இல்லை. கலிப்பரின் நிறமும் இல்லை.

அப்ப பெரிய பிறேக் எதுக்கு? வெப்பத்துக்கு.

பிறேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற பொருள். இதை ஒரு உண்மையான காரில் வைத்துப் பார்ப்போம். மஸ்டா எம்எக்ஸ்-5, உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1989இல் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமானது. 2016இல் பத்து லட்சத்தைத் தொட்டது. இலங்கையில் அரிதாகத்தான் காணலாம். ஆனால் சின்னக் காருக்குப் பெரிய பிறேக் போடுவது பற்றி இணையத்தில் நடக்கிற சண்டையில் பெரும்பங்கு இந்தக் காரை வைத்துத்தான் நடக்கிறது. எங்கட பெடியள் ஸ்விஃப்ற்றுக்கும் சிவிக்குக்கும் சொல்லுகிற நியாயங்களும் அங்கிருந்து வந்தவைதான்.

முதல் 1.6 லீற்றர் எம்எக்ஸ்-5இன் முன் டிஸ்க் 235 மில்லிமீற்றர். ஓட்டுநரோடு காரின் நிறை 1000 கிலோ என்று வைப்போம். மணிக்கு 100 கிலோமீற்றரில் இருந்து அது நிற்கும்போது ஏறத்தாழ 386 கிலோ யூல் சக்தி வெப்பமாகிறது. அதில் 70 வீதத்தை முன் டிஸ்க் இரண்டும் வாங்குகின்றன, ஒவ்வொன்றும் 5 கிலோ என்று கொண்டால், ஒரு தடவை நிறுத்தும்போது டிஸ்க்கின் சூடு ஏறக்குறைய 60 பாகை ஏறும். 7 கிலோ டிஸ்க்காக இருந்தால் 40 பாகையை ஒட்டி ஏறும். ஒரே ஒரு தடவை என்றால் இந்த வித்தியாசத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஆற இடம் கொடுக்காமல் பத்துத் தடவை அடுத்தடுத்து அடித்தால்தான் அது பெரிதாகும். சாதாரண பாட் அந்தச் சூட்டில் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது பந்தயத்தின் பிரச்சினை. 1953இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-ரைப் டிஸ்க் பிறேக்கோடு வென்றது. மற்றக் கார்கள் பல டிரம் பிறேக்கோடு ஓடின. டிஸ்க் அங்கே காட்டிய பலம், ஒரு தடவை ஓங்கி அடித்தால் நிற்கும் என்பது மட்டுமல்ல. சுற்றுக்குச் சுற்று, மணிக்கணக்காக, அதே மாதிரி நிற்கும் என்பது. பெரிய பிறேக் விற்கிறவர்கள் உண்மையில் விற்பது இந்தத் திரும்பத் திரும்ப நிற்கும் வல்லமையை. வாங்குகிற நாங்கள் 'சடாரென்று நிற்கும்' என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறோம்.

"எங்களுக்கு ட்ராக் இல்லைத்தான், ஆனா மலைநாட்டுப் பக்கம் போறம்தானே?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஒரு கிலோமீற்றருக்கும் மேலாக உயரம் குறைகிறது. ஒரு கிலோமீற்றர் உயரத்தை இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி, அதே காரை 100 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 25 தடவை நிறுத்துகிற சக்திக்குச் சமம். காற்றும் ரயர் உருள்வதும் அதில் ஒரு பங்கைத் தின்னும். மிச்சத்தை நீங்கள் பிறேக்குக்குக் கொடுக்கலாம், அல்லது கியரை இறக்கி எஞ்சினுக்குக் கொடுக்கலாம். பெரிய டிஸ்க் அந்த இறக்கத்தில் உதவும், இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் மூன்றாம் கியரில், இரண்டாம் கியரில் இறங்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை. லொறி ஓட்டுகிற அண்ணைமார் ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை அது. அவர்களிடம் கேட்காமல் வீடியோவிடம் கேட்கிறோம்.

சூடேறும்போது முதலில் கைவிடுவது பல நேரங்களில் டிஸ்க் அல்ல, ஒயில். பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் இருக்கவேண்டும் என்பது தரம். ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 பாகை. கொதித்தால் குழாய்க்குள் ஆவி வரும். திரவத்தை நெருக்க ஏலாது, ஆவியை நெருக்கலாம். அப்போது பெடல் தரைவரை போகும், பிறேக் பிடிக்காது. எங்கட நாட்டுப் புழுக்கத்தில், நாலைந்து வருசமாக ஒயில் மாற்றாத காருக்குப் பெரிய கலிப்பர் போடுவது, ஓட்டைக் கூரைக்குக் கீழே புதுக் கட்டில் வாங்கிப் போடுவது மாதிரி.

ஆகவே எங்கட வரிசை இது. முதலில் நல்ல ரயர். அடுத்தது புது ஒயில். பிறகு காருக்கும் ஓட்டத்துக்கும் பொருந்தின பாட். பந்தயப் பாட் குளிராக இருக்கும்போது சரியாகப் பிடிக்காது, கீச்சிடும். காலையில் கடைக்குப் போகிற காருக்கு அது கூடாது. இறுகிப்போன கலிப்பரையும் வெடித்த றப்பர்க் குழாயையும் சரிசெய்வது இதற்குள் அடக்கம். இவ்வளவும் செய்த பிறகும், உண்மையாகவே ட்ராக்கில் ஓடி, பெடல் மென்மையாகிப் பாட் எரிகிறது என்றால், அப்போது பெரிய டிஸ்க்கைப் பற்றிக் கதைக்கலாம்.

அப்போதும் கண்ணுக்கு வடிவானதை எடுக்கக்கூடாது. ஒன்று, சமநிலை. 235 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 279 மில்லிமீற்றர் டிஸ்க் வந்து, பாட்டும் அந்த அளவுக்கு வெளியே தள்ளி உட்கார்ந்தால், அதே அழுத்தத்தில் முன் பிறேக் கிட்டத்தட்ட 19 வீதம் கூடுதலாகப் பிடிக்கும். பின் பிறேக் பழையபடியே கிடக்கும். முன் சில்லு நேரத்தோடு இறுகும். பின் ரயரின் பிடிமானம் பயன்படாமல் போகும். காசு கொடுத்து நிற்கும் தூரத்தைக் கூட்டிக்கொள்வது என்றால் இதுதான். மறுபக்கமாக, பின்னுக்கு மட்டும் கூட்டினால் பின் சில்லு முதலில் இறுகிக் கார் சுழன்றுவிடும்; அது இன்னும் ஆபத்து. இரண்டு, பிஸ்டனின் பரப்பளவு. அது கூடினால் பெடல் ஆழமாகப் போகும், மாஸ்டர் பம்ப்பும் பொருந்தவேண்டும். டிஸ்க்கின் விட்டம் கூடுகிற அளவுக்குப் பிஸ்டனைக் குறைத்துச் சமப்படுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். விற்பவருக்கு அந்தக் கேள்வி விளங்காவிட்டால் கடையை விட்டு வெளிக்கிடுங்கள்.

மூன்று, றிம். முதல் எம்எக்ஸ்-5 வந்தது 14 அங்குல றிம்மோடு. பெரிய டிஸ்க்குக்கு 15 அல்லது அதற்கு மேல் வேண்டும்; விட்டம் சரியாக இருந்தாலும் கலிப்பர் றிம்மின் கம்பிகளில் முட்டலாம். நல்ல தயாரிப்பாளர்கள் அளந்து பார்க்கக் கடதாசி வார்ப்புரு தருவார்கள். நாலு, பந்தயத்துக்கென்று செய்த பல கலிப்பர்களில் பிஸ்டனை மூடுகிற றப்பர் உறை இல்லை. கிரவல் றோட்டுப் புழுதியில் அவை எவ்வளவு காலம் போகும் என்று யோசியுங்கள். ஐந்து, அதற்குரிய பாட் தேய்ந்தால் எங்கே வாங்குவீர்கள்?

இந்த ஐந்துக்கும் பெரும்பாலும் பதில் சொல்கிற வழி ஒன்றிருக்கிறது. அதே காரின் பிந்தைய மொடலின் பிறேக்கை எடுத்துப் போடுவது. 1994இல் வந்த 1.8 லீற்றர் எம்எக்ஸ்-5இன் முன் டிஸ்க் 255 மில்லிமீற்றர். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றினால், அந்தக் காரைச் செய்தவர்களே சமன்செய்த ஒரு தொகுதி கிடைக்கிறது. சிவப்பு நிறம் இல்லை, படம் எடுத்துப் போட ஒன்றுமில்லை. அதனால்தான் இதைப் பற்றி யாரும் கத்துவதில்லை.

எங்களிடம் சொல்லப்படுகிற கடைசி நியாயம்: "காசு என்ர, கார் என்ர, வடிவுக்குப் போடுறன், உங்களுக்கென்ன?" உண்மைதான். வடிவுக்குப் போடுவதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. வடிவுக்கு என்று சொல்லிப் போடுங்கள். 'பாதுகாப்பு' என்று சொல்லிப் போடாதீர்கள், அப்படிச் சொல்லி மற்றவனையும் போடவைக்காதீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் எங்கட நண்பன் ரயருக்கு என்று சேர்த்த காசைக் கலிப்பருக்குக் கொடுத்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் மழைக்குள்ளும் அதே வேகத்தில் வந்தான். 'என்ர பிறேக் நிப்பாட்டும்' என்ற தைரியம் அவன் காலில் இருந்தது. அன்றைக்கு வீதியில் வந்தது மாடு. பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளையாக இருந்திருந்தால் நாங்கள் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

அவனுடைய காரில் இப்போது நாலு புது ரயர். ஒயிலும் மாற்றியாகிவிட்டது. சிவப்புக் கலிப்பர் இன்னும் இருக்கிறது. விற்கப் பார்த்தான், வாங்க ஆளில்லை.

உங்கட ரயரின் பக்கவாட்டில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்குகிற வரியின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்த ரயர். மாரி தொடங்க முன்னம் ஒருக்கால் குனிந்து அதை வாசித்துப் பாருங்கள். நாங்கள் வாசித்திருக்க வேண்டியது அதைத்தான்.