படம் மேசையை விட்டுப் போகும் முன்

1976இல் லண்டனில் நடந்த காமிக்ஸ் மாநாடு ஒன்றில்தான் ஓவியர் டான் லாரன்ஸுக்கு விஷயம் தெரியவந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் வரைந்துவந்த ‘டிரிகன் எம்பயர்’ காமிக்ஸ் தொடர் ஐரோப்பாவில் பல மொழிகளில் அச்சாகி விற்றுக்கொண்டிருந்தது. அந்த வருமானத்தில் அவருக்குப் பங்கு இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்த கூலியோடு பதிப்பகம் கணக்கை முடித்திருந்தது. லாரன்ஸ் பங்கு கேட்டார், மறுத்தார்கள், விலகினார். அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

படம் வரைந்து பிழைக்கும் நாம் ஒவ்வொருவரும் இந்த மனிதரின் தொழில் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைத்திறனும் உரிமையும் வேறு வேறு விஷயங்கள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. திறமையை வளர்த்துக்கொண்டால் போதும், மற்றது தானாக வரும் என்று இளைஞர்களுக்குச் சொல்லிவருகிறோம். லாரன்ஸிடம் திறமைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மற்றது தானாக வரவில்லை.

1928இல் லண்டனின் ஈஸ்ட் ஷீன் பகுதியில் பிறந்தவர் அவர். ராணுவச் சேவையை முடித்துவிட்டு, பரோ பாலிடெக்னிக்கில் ஓவியம் படித்தார். 1950களில் மிக் ஆங்லோவின் ஸ்டுடியோவில் ‘மார்வெல்மேன்’ கதைகளுக்கு வரைந்து தொழில் பழகினார். 1960இல் ‘லயன்’ வார இதழில் தொடங்கிய ‘கார்ல் த வைக்கிங்’ தொடரில் அவருடைய கை தெளிந்தது. கறுப்பு வெள்ளையிலேயே தோலும் உரோமமும், இரும்பும் மரமும் தனித்தனியே தெரியும்படி வரைந்தார்.

1965இல் ‘ரேஞ்சர்’ இதழில் ‘டிரிகன் எம்பயர்’ ஆரம்பமானது. அடுத்த ஆண்டே ‘ரேஞ்சர்’ ‘லுக் அண்ட் லேர்ன்’ இதழோடு இணைந்தது. தொடரும் அங்கே போனது. கதை மைக் பட்டர்வொர்த்துடையது. ரோமானியத் தூண்களும் விண்கலங்களும் ஒரே நகரத்தில் நிற்கும் எலெக்டன் கிரகத்தை வாசகர் நம்பினார்கள் என்றால், அதற்கு லாரன்ஸின் தூரிகைதான் காரணம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அவர் ஒரு கட்டத்திலும் மறந்ததில்லை. முன்னால் நிற்பவரின் கவசத்தில் நுணுக்கத்தைக் குவிப்பார். தூரத்துக் கோபுரங்களை வெளிறிய நிறத்தில் விட்டுவிடுவார். கண் தானாக ஆழத்துக்குள் போகும். வாரம் இரண்டு பக்கம், முழு வண்ணம். கெடுவைக் காரணம் காட்டித் தரத்தைக் குறைக்கும் எவரும் அந்தப் பக்கங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

விலகியவரை நெதர்லாந்தின் ஓபரான் பதிப்பகம் அழைத்துக்கொண்டது. அங்கே பிறந்தது ‘ஸ்டார்ம்’. 1978இல் முதல் ஆல்பம் வந்தது. அதன் பின் இருபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள். அட்டையில் அவர் பெயர் பெரிதாக நின்றது. வார இதழின் இரண்டு பக்கத்துக்குள் அடைந்து கிடந்த காட்சிகள் ஆல்பத்தின் பெரிய தாளில் விரிந்தன. வண்ணத்துக்கு ஆழம் கூடியது. மதிப்பும் நேரமும் கிடைத்த பிறகு அதே கை இன்னும் நன்றாக வரைந்தது. உரிமைப் பேச்சு கலைக்கு வெளியே நடக்கும் பேரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2003இல் நெதர்லாந்து அவருக்கு ஆரஞ்சு நாசாவ் விருது தந்து சிறப்பித்தது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் காலமானார்.

தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாதவர் லாரன்ஸ். கிறிஸ் வெஸ்டன், லியாம் ஷார்ப் இருவரும் அவரிடம் உதவியாளர்களாக இருந்து பழகியவர்கள். பிற்பாடு தங்கள் பெயராலேயே அறியப்பட்டவர்கள்.

அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்களில் வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கம் அநேகமாக இல்லை. 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழில் கெவின் ஓநீல் பெயர்ப் பட்டியைச் சேர்த்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. அந்த இதழ்களின் கதைகள் வழியே, பெயர் போடாத வழக்கத்தின் விளைவு தமிழ் வரைக்கும் வந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த ‘இரும்புக்கை மாயாவி’யைத் தலைமுறையே கொண்டாடியது. அதை வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ என்பதும், ‘ஸ்பைடர்’ ரெக் பன்னின் கைவண்ணம் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குச் சிறுவயதில் தெரியும்?

இன்று நம் நிலை என்ன? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, நமக்குச் சில காப்புகளைத் தருகிறது. உரிமையை எழுத்து மூலம் மட்டுமே மாற்றித்தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். உரிமையை விற்ற பின்பும், படைத்தவர் நான்தான் என்று சொல்லும் உரிமை நம்மிடமே இருக்கும். ஆனால் அதே சட்டத்தில், ஒருவர் பணம் கொடுத்துத் தீட்டச் சொன்ன ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். வாய்ப்பேச்சோடு வேலை எடுப்பவர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்.

ஆகவே படத்தை அனுப்பும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பதிப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த மொழிகளுக்கு, மூலப்படம் யாருக்கு. மறுபதிப்புக்கும் மின்பதிப்புக்கும் தனிக் கட்டணம் கேளுங்கள். பெயர் போடுவதைச் சலுகையாகக் கேட்காதீர்கள், நிபந்தனையாக வையுங்கள். மூத்தவர்கள் தங்களிடம் பழகும் பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத்தரும்போதே ஒப்பந்தம் படிக்கவும் கற்றுத்தர வேண்டும். லாரன்ஸ் ஒரு மாநாட்டுக்குப் போனதால் தற்செயலாகத் தெரிந்துகொண்டதை, நம் இளைஞர்கள் முதல் வேலையிலேயே தெரிந்துகொண்டு தொடங்கட்டும்.