காவலும் கட்டளையும்

பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு நீர் தரும் லக்சபான அணையைக் காப்பவர், மழை வலுக்கும் முன்னரே மதகை நினைத்தல் வேண்டும். வெள்ளம் புகுந்த பின் வருந்துவது காவலாகாது. ஊரின் அமைதியைக் காக்கும் பொலிஸ் அதிகாரிக்கும் இதுவே நெறி என்போம்.

மலைநாட்டின் மறுகோடியில், பண்டாரவளைக்கு அருகேயுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் நிகழ்ந்ததை நம் மாணவர் அறிதல் வேண்டும். 2000 ஒக்டோபர் 24ஆம் நாள் மாலை முகாமினுள் குழப்பம் எழுந்தது. மறுநாட் காலை திரண்டு வந்த கும்பல், அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் 27 பேரின் உயிரைப் பறித்தது. ஆயுதந்தாங்கிய பொலிஸார் ஏறத்தாழ 60 பேர் அவ்விடத்தில் நின்றிருந்தனர்!

ஆளுக்குக் குறைவில்லை, ஆயுதத்துக்கும் குறைவில்லை. ஆயத்தம் செய்ய ஓர் இரவு முழுவதும் இருந்தது. தக்க வேளையில் தலைமையின் உறுதியான கட்டளையே இல்லாது போயிற்று. ஜனாதிபதி ஆணைக்குழுவும் பொலிஸ் மேலதிகாரிகள் மீது குறை கண்டது. 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஐவரும், பொலிஸார் இருவர் உட்பட, மேன்முறையீட்டில் 2005க்குள் விடுதலையாயினர்.

கட்டளை வரவில்லை என்பது கீழே நின்ற காவலனுக்கு விடையாகலாம். கட்டளையிட வேண்டியவருக்கு அது விடையாகுமா?