பெண் விளையாட்டு வீரர்களின் மார்பக நலம்: கோரிக்கை மனு

அனுப்புநர்: கோரிப்பாளையம் வட்டார விளையாட்டு வீராங்கனைகள், பெற்றோர் சங்கத்தினர், மதுரை.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.

நகல்: மாவட்ட விளையாட்டு அலுவலர், டீன், அரசு இராசாசி மருத்துவமனை.

பொருள்: மைதானத்தில் மார்பகக் காயம், வலி – பாதுகாப்பும் பரிசோதனையும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

சக்கிமங்கலம் ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடிப் பழகி, லேடி டோக் கல்லூரியில் படித்து, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். அவருக்கு ஷூ இல்லாமலிருந்ததை ஊரே பேசியது. ஓடும் பெண்ணுக்கு மார்பைத் தாங்கும் உள்ளாடையும் தேவை என்பதை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. ஆகவே நாங்கள் சொல்கிறோம்.

மார்பகத்துக்குள் தன்னைத் தாங்கிக்கொள்ளும் தசை கிடையாது. தோலும் மெல்லிய இணைப்பு நார்களுமே தாங்குகின்றன. ஓடும்போது அது மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசைகிறது. ஸ்போர்ட்ஸ் பிரா 1977-இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் இன்னும் சிம்மீஸ் மேல் சிம்மீஸ் போட்டு இறுக்கிக்கொள்கிறார்கள். வலி பொறுக்காமல் சிலர் பயிற்சிக்கே வருவதில்லை.

கபடியில் பிடிக்கும்போதும் கால்பந்தை நெஞ்சில் தாங்கும்போதும் அடிபடுவது சகஜம். முழங்காலில் பட்டால் ஸ்ப்ரேயோடு ஓடிவருகிறார்கள். மார்பில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டலாம், கொழுப்புத் திசு இறுகிக் கட்டி போலவும் தோன்றலாம். அடிபட்டதால் புற்றுநோய் வராது. இது தெரியாமல் பயந்து ஆட்டத்தையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. அதேசமயம், கரையாத கட்டியை "அடிபட்டதுதானே" என்று விட்டுவிடுவதும் ஆபத்து. ஸ்கேன் பார்த்தே தீரவேண்டும். அடிபடாமல் தடுக்கவும் வழி உண்டு: வாள்வீச்சுப் போட்டிகளில் பெண்களுக்கு மார்புக் கவசம் கட்டாயம். சென்னை வீராங்கனை பவானி தேவி விளையாடுவது அந்த விதியின்கீழ்தான். கபடிப் பயிற்சியிலாவது அப்படியொரு கவசத்தைக் கேட்பவருக்குக் கொடுக்கலாமே.

எனவே, விளையாட்டு விடுதி மாணவியருக்கும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிலும் பெண்களுக்கும் சீருடையோடு ஸ்போர்ட்ஸ் பிராவும் வழங்க வேண்டும். சட்டை வாங்குவதுபோல் சின்னது, பெரியது என்று கட்டுக்கட்டாக வாங்காமல், பெண் பணியாளரைக் கொண்டு அளவெடுத்துத் தரவேண்டும். பயிற்சியாளர்களுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், முதலுதவியும் பேச்சு நாகரிகமும் கற்பிக்கப்பட வேண்டும். காயப் பதிவேட்டில் மார்பகக் காயத்துக்கும் இடம் வேண்டும். இராசாசி மருத்துவமனையில் மாதம் ஒருநாள் மாலையில் பெண் மருத்துவர் இவர்களைத் தனியறையில் பார்க்க ஏற்பாடு வேண்டும். பகலில் வரச்சொன்னால் வகுப்பும் பயிற்சியும் கெடும்.

பெரும்பாலானவை புதிய அரசாணை தேவைப்படாதவை. அடுத்த பயிற்சி முகாம் தொடங்குமுன் அளவெடுக்கும் பணியையாவது தொடங்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தினர்