துப்பாக்கியை மடக்கிப் பிடிங்க சார்!

"களிமண் புறா சுடுறதுல என்னய்யா மரியாதை? எல்லாம் துரைமார் விட்டுட்டுப் போன பந்தா" என்று நண்பர் ஒருத்தர் அடித்து விட்டார். பெரம்பலூர்க்காரன் நான் இதை ஒத்துக்க முடியாது.

தெரியாதவங்களுக்கு: எந்திரம் வீசுகிற 11 செ.மீ. தட்டை, பறக்கும்போதே ஷாட்கன்னால் உடைக்கணும். பேர்தான் களிமண். சுண்ணாம்புக்கல் பொடியையும் தார் மாதிரியான பிட்சையும் சேர்த்து வார்ப்பாங்க. (சுண்ணாம்புக்கல்லா? அரியலூருக்கு வாங்க, சிமெண்ட் ஆலைக்காரங்க மிச்சம் வச்சிருந்தா அள்ளிக்கலாம்!) 1900 பாரீஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாவையே சுட்டாங்க என்பது தனிக்கதை.

பணக்கார ஆட்டம்தான், மறுக்கலை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட நம்ம பிருத்விராஜ் தொண்டைமானே புதுக்கோட்டை அரச குடும்பம். ஆனா அந்த மரியாதைகள் என்னன்னு பாருங்க. நடக்கும்போது துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்தே வைக்கணும், குழல் காலின்னு எதிர்ல வர்றவன் கண்ணாலேயே பார்த்துக்கணும். உங்க முறை வந்து நின்ன பிறகுதான் தோட்டா. அடுத்தவர் சுடும்போது பேச்சு கூடாது. குழல் எந்த நேரத்திலும் மனுஷன் பக்கம் திரும்பக் கூடாது. இதுல பந்தா எங்கே இருக்கு? எதிர்ல நிக்கிறவன் உயிருக்குத் தர்ற மதிப்பு, அவ்வளவுதான்.

அந்த மதிப்பு இல்லாத இடத்தில் என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? 2021 டிசம்பர் 30. நார்த்தாமலை பக்கம், படையினர் பயிற்சி எடுத்த தளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கிட்டிருந்த 11 வயசுப் பையன் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ல் போய்ச் சேர்ந்தான். அதே மாசம் நம்ம மருதடி ஈச்சங்காட்டில் ஒரு வீட்டு மேல குண்டு விழுந்தது.

ஷாட்கன் ரவை ஏறக்குறைய 200, 250 மீட்டரில் விழுந்துடும். அதுக்கே இத்தனை ஒழுங்கு. கிலோமீட்டர் கணக்கில் போற ரைஃபிள் குண்டுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் மனுஷனாத் தெரியலைன்னா, மரியாதை தெரியாதவன் யாரு சார்? துரையா?

ஆட்டக்காரங்களும் ரொம்ப நிமிர வேண்டாம். ஒலிம்பிக் ட்ராப் தகுதிச்சுற்றில் 125 தட்டு. தோட்டாவுக்கு 24 கிராம் வரை ரவை. தட்டுக்கு ஒரு தோட்டாதான்னு வச்சாலும் ஆளுக்கு 3 கிலோ ஈயம் மண்ணில் விதைக்கிறாங்க. நீர்ப்பறவைங்க இரை செரிக்கப் பொடிக்கல் விழுங்கும். கல்லோடு ரவையும் போனா விஷம், சாவு. கரைவெட்டி ஏரிக்கு இமயமலை தாண்டி வர்ற வரித்தலை வாத்துக்கு அது ரவைன்னு யார் சொல்லுவா? 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. நாளைக்கு நம்ம பக்கம் எவனாவது கிளப் ஆரம்பிச்சா, எந்த ஏரிக்கு எவ்வளவு தூரத்தில், விழுந்த ஈயத்தைப் பொறுக்கப் போறது யார்னு எழுதி வாங்கிட்டு அப்புறமா ரிப்பன் வெட்டுங்கப்பா.