துலக்குகிறார்களா, தோலுரிக்கிறார்களா?

அரசியல் எழுதிப் பழகிய பேனா கார்ப் பொலிஷ் பற்றியும் எழுத வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்பது காணி, நகை போன்றதொரு சொத்து. அந்தச் சொத்தின் மேற்றோலை நாமே காசு கொடுத்து உரிக்கக் கொடுக்கிறோம் என்பதே எனது குற்றச்சாட்டு.

உச்சி வெயிலில் ஒரு கறுப்புக் காரின் முன்மூடியைப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போன்ற மெல்லிய வளையங்கள் தெரியும். சுழல் கீறல்கள் என்பது இவற்றையே. உண்மையில் அவை வட்டமான கீறல்கள் அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்களில், ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வளையமாகத் தோன்றுகின்றன. இவற்றைப் போட்டவர் யார்? பெரும்பாலும் நாம்தான். காலையில் தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கிறோமே, அந்தத் துணிதான் முதல் எதிரி. மணல் ஊறிய ஒரே வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்ப நனைக்கும் பஞ்சு இரண்டாவது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் வாசகர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே சுழலும் தூரிகைகளைக் கொண்ட தானியங்கிக் கழுவகங்கள் இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கின்றன.

இனி, அந்தக் கீறலை இயந்திரம் எப்படிப் போக்குகிறது என்று பார்ப்போம். இன்றைய காரின் தகட்டின் மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அவற்றுக்கு மேலே நிறமற்ற 'கிளியர் கோட்' என்று பல அடுக்குகள் உள்ளன. தொழிற்சாலைப் பூச்சு முழுவதும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன். அதில் கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோன்தான். மனிதத் தலைமயிரின் தடிப்பே 70 மைக்ரோன் அளவு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரை நிறத்துக்குப் போகவிடாமல் தடுப்பதும் இந்த மெல்லிய படலம்தான். இயந்திரத்தின் பஞ்சுத் தட்டில் பூசப்படும் உராய் பசை கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரும் வரை சுற்றியிருக்கும் நல்ல பூச்சை அரைத்து எடுக்கிறது. ஒவ்வொரு பொலிஷும் ஒரு கழித்தல் கணக்கு. போனது திரும்பி வராது.

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை நினைவிருப்போர் இருப்பீர்கள். அவற்றில் கிளியர் கோட் கிடையாது. நிறப்பூச்சே மேற்பூச்சு. பொலிஷ் போட்டால் துணியில் நிறம் ஒட்டும். 'பெயின்ற் போகுது, போதும் நிப்பாட்டு' என்று உரிமையாளர் குரல் கொடுக்க முடிந்தது. இன்று அரைபட்டுப் போவது நிறமற்ற படலம். துணியில் எந்தச் சாட்சியும் இராது. பறிபோவது தெரியாமலே பறிகொடுப்பவருக்கு ஒரு புன்னகையும் பற்றுச்சீட்டும் கிடைக்கின்றன!

கொழும்பில் ஓர் இடத்தில் இந்த வேலை நடக்கக் கண்டேன். பெயர் வேண்டாம். ஆட்டு மயிர்த் தட்டு பூட்டிய சுழல் இயந்திரம், கரடுமுரடான பசை, ஒரு மணித்தியாலத்தில் கார் கண்ணாடியாகிவிட்டது. 'தடிப்பு அளக்கும் கருவி இல்லையா?' என்று கேட்டேன். 'கண்ணே போதும் ஐயா' என்று பதில் வந்தது. 10 மைக்ரோனைக் கண்ணால் அளக்கும் வல்லமை எனக்குத் தெரிந்து எந்த மனிதருக்கும் இல்லை. ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் சூடேறும். பூச்சு மெலிந்திருக்கும் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அது நிமிடக் கணக்கில் நிறத்தைத் தொட்டுவிடும். பிழையான கையில் அது புதிய அலைக் கோடுகளையும் விட்டுச் செல்லும். அவற்றை எண்ணெயும் மெழுகும் கலந்த பசை மூடிவிடுகிறது. சில கழுவல்களில் மூடி கரைய, கோடுகள் மீண்டும் எழுகின்றன. வாடிக்கையாளரும் மீண்டும் வருகிறார். இதனை வியாபாரம் என்பதா, வேறு பெயரால் அழைப்பதா?

இயந்திரத்தை நான் வெறுக்கவில்லை. முறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் நன்றாகக் கழுவுகிறார்கள், தடிப்பை அளக்கிறார்கள், விளிம்புகளுக்கு நாடா ஒட்டுகிறார்கள். சுழன்றுகொண்டே அலையும் இரட்டை இயக்க இயந்திரத்தால், மிக மென்மையான தட்டையும் பசையையும் கொண்டு, ஒரு சிறு சதுரத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள். ஐசோபுரோபைல் அல்ககோல் கலந்த நீரால் துடைத்து, மறைந்ததா நீங்கியதா என்று உறுதி செய்கிறார்கள். நகத்தில் தட்டுப்படும் ஆழ்ந்த கீறலை விட்டுவிடுகிறார்கள். சாதாரண அளவுக் கருவி மொத்தத் தடிப்பையே காட்டும், மறுபூச்சுப் பெற்ற கதவில் அந்த எண் ஏமாற்றும் என்பதையும் அறிந்திருக்கிறார்கள். இத்தகையோருக்குக் கூடுதல் கூலி கொடுப்பது வீண்செலவு அல்ல.

அடுத்த மாயம் '9எச்' செரமிக் பூச்சு. கீறலே விழாது என்கிறார்கள். அந்த 9எச் என்பது பென்சில் கடினத்தைக் குறிக்கும் எண். வைரத்துக்குப் 10 கொடுக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குச் சம்பந்தமில்லை. வீதி மணலிலுள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. அது செரமிக் பூச்சையும் கீறும். நீர் வழுக்கி ஓடும், அழுக்குக் குறைவாக ஒட்டும். அவ்வளவுதான்.

'வாடிக்கையாளர் கேட்பது மினுக்கத்தை, அளவையை அல்ல' என்று தொழில் செய்வோர் வாதிடலாம். நோயாளி கேட்டார் என்பதற்காக வைத்தியர் கத்தியை எடுப்பதில்லை. எனவே வாசகர்களே, அடுத்த முறை காரை ஒப்படைக்குமுன் கேளுங்கள்: வேலைக்கு முன் எத்தனை மைக்ரோன், பின் எத்தனை மைக்ரோன்? இரண்டையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் திறப்பைக் கொடுக்காதீர்கள். வீட்டிலோ இரண்டு வாளிகளும் ஒரு நல்ல மைக்ரோபைபர் துணியும் வையுங்கள். ஒன்று ஷம்போவுக்கு, மற்றது துணியை அலசுவதற்கு. உலர்ந்த தூசியின் மேல் துணி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கீறல் விழாத காருக்குப் பொலிஷ்காரர் தேவையில்லை.